ஓட ஓட அடங்காத குட்டி

கேள்வி: பார்டர் கோலி குட்டி ஒன்றை எடுத்து வந்து ஆறு வாரம் ஆகிறது. பெயர் மின்னி, வயது 14 வாரம். ‘இந்த இனத்துக்கு ஓட்டம் நிறைய வேண்டும்’ என்று எல்லோரும் சொன்னதால் காலையில் முக்கால் மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம் பந்து வீசி ஓட விடுகிறோம். அப்படியும் இரவு ஏழு மணி ஆனால் பேய் பிடித்த மாதிரி வீட்டைச் சுற்றிச் சுற்றி வருகிறது. ஏழு வயது மகன் எழுந்து நடந்தாலே பின்னால் பாய்ந்து குதிகாலைக் கவ்வுகிறது. அதே ஈத்தில் பிறந்த இன்னொரு குட்டி என் தோழி வீட்டில் பரம சாதுவாக இருக்கிறது. மின்னியின் சுபாவமே முரடா? இன்னும் எவ்வளவு நேரம் ஓட விட்டால் அடங்கும்? திருப்பிக் கொடுத்துவிடலாமா என்கிறார் கணவர்.

- ஒரு வாசகி

பதில்: மின்னி எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று நிமிடக் கணக்காக எழுதியிருக்கிறீர்கள். எவ்வளவு நேரம் தூங்குகிறது என்று எழுதவில்லை. எனக்கு முதலில் தெரிய வேண்டியது அதுதான்.

இந்த வயதுக் குட்டிக்கு ஒரு நாளில் 16 முதல் 18 மணி நேரத் தூக்கம் வேண்டும். சில குட்டிகள் அதற்கு மேலும் தூங்கும். பல இனக் குட்டிகள் விளையாட்டின் நடுவிலேயே சுருண்டு விழுந்து தூங்கிவிடும். பார்டர் கோலி போல ஆடு மாடு மேய்க்க உருவான மேய்ப்பு இனக் குட்டிகளில் நிறைய அப்படி இல்லை. எதிரில் ஏதாவது அசைகிற வரை அவற்றுக்குக் கண் மூடாது. வீட்டிலோ எந்நேரமும் ஏதாவது அசைந்துகொண்டுதான் இருக்கிறது: காற்றில் ஆடும் திரைச்சீலை, துடைப்பம், மகனின் கால். இப்படி நாள் முழுக்க விழித்திருந்த குட்டிதான் இரவு ஏழு மணிக்கு வெறி பிடித்ததுபோல் ஓடுகிறது. தூக்கம் தவறிய கைக்குழந்தை முரண்டு பிடித்து அழுவதைப் பார்த்திருப்பீர்கள். அதேதான் இது. தெம்பு மிஞ்சிப்போய் ஓடுகிறது என்று நாம் நினைக்கிறோம், உண்மையில் அது களைத்துப்போய் ஓடுகிறது.

இதை நானும் தப்பாகத்தான் புரிந்துகொண்டேன். எங்கள் செம்பி ஆஸ்திரேலியன் ஷெப்பர்ட் இனம். அவள் மூன்று மாதக் குட்டியாக இருந்தபோது, அடங்கவில்லையே என்று ஓட்டத்தைக் கூட்டிக்கொண்டே போனேன். இரண்டு வாரத்தில் அவளுக்கு மூச்சு வாங்குவது நின்றுபோனது, ஆட்டம் நிற்கவில்லை. ஓட்டப் பயிற்சி கொடுத்தால் ஓடும் உடம்புதானே வரும்? ஒரு நாள் இரவு மேஜைக் காலைக் கடித்துக்கொண்டிருந்தவளின் கண்களைக் கிட்டத்தில் பார்த்தேன். ஓரமெல்லாம் சிவந்து, இமை பாதி இறங்கியிருந்தது. வாய் மட்டும் நிற்கவில்லை. தூக்கிக்கொண்டு போய் சின்ன அறையில் விட்டேன். திரையை இழுத்து மூடி, விளக்கை அணைத்துவிட்டு, அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். நான்கு நிமிடம் முனகினாள். ஐந்தாவது முனகலின் பாதியிலேயே தலை என் முழங்காலில் சாய்ந்தது. இரண்டரை மணி நேரம் அசையவில்லை, கனவில் ஒரு முன்னங்கால் மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. அத்தனை நாளும் அவளுக்கு வேண்டியிருந்தது அதுதான் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. இப்போது நினைத்தாலும் மனசு கஷ்டப்படுகிறது.

ஆகவே ஓட்டத்தைக் கூட்டாதீர்கள், குறையுங்கள். மின்னி ஒரு மணி நேரம் விழித்திருந்தால் அடுத்த இரண்டு மணி நேரம் தூங்கட்டும். அதற்கென்று வீட்டில் ஓர் இடம் வேண்டும். வெளிச்சம் குறைவாக, ஆள் நடமாட்டம் கண்ணில் படாமல் இருந்தால் போதும், கூண்டானாலும் சரி, அறை மூலையானாலும் சரி. அடைத்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். முதல் சில நாள் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். தண்டனை கொடுக்கிற இடமாக மட்டும் அது ஆகிவிடக் கூடாது.

பந்தை எடுத்து உள்ளே வையுங்கள். திரும்பத் திரும்ப ஒரே பொருளைத் துரத்துவது இந்த இனங்களுக்கு விளையாட்டாக நிற்பதில்லை, பிடித்து ஆட்டுகிற பழக்கமாகிவிடும். சுவரில் லேசர் விளக்கின் புள்ளியைக் காட்டித் துரத்த விடுவது அதைவிட மோசம். அதிலிருந்து நிழலையும் வெளிச்சத்தையும் நாள் முழுக்க வெறித்துப் பார்க்கும் நாய்களாக மாறியவை உண்டு. இன்னொன்று, ஒரு வயது ஆகும் வரை, சிலதுக்கு அதற்குப் பிறகும், எலும்பு முனைகள் வளர்ந்துகொண்டிருக்கும். பந்துக்காகப் பாய்ந்து சறுக்கி சட்டென்று திரும்புவது மூட்டுக்கு நல்லதில்லை. வெயில் நேரத்தில் இன்னும் கவனம் வேண்டும். இவை தாமாக ஓட்டத்தை நிறுத்துவதில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போதே தடுமாறி விழுகிற பார்டர் கோலிகளைக் கால்நடை மருத்துவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

சரி, குதிகால் விஷயத்துக்கு வருவோம். ஓநாய் இரையைப் பார்க்கும், முறைக்கும், பதுங்கி நெருங்கும், துரத்தும், கவ்வும், கொல்லும். மேய்ப்பர்கள் தலைமுறை தலைமுறையாக இந்த வரிசையில் முன்பகுதியைக் கூர்மையாக்கி, கடைசிப் பகுதியை மழுங்கடித்தார்கள். பார்டர் கோலிக்கு அந்த முறைப்பும் பதுங்கலும் அதிகம். மாடு ஓட்டுவதற்காக உருவான ஆஸ்திரேலியன் கேட்டில் டாக், கோர்கி போன்றவற்றுக்குக் குதிகாலைக் கவ்வுவதே வேலை. ஜெர்மன் ஷெப்பர்டின் முன்னோர்கள் மந்தை பயிருக்குள் இறங்காமல் ஓரத்தில் ஓடி ஓடி வேலிபோல் நின்றவை. உங்கள் மகன் கத்திக்கொண்டு ஓடும்போது மின்னியின் கண்ணுக்கு மந்தையை விட்டுப் பிரிந்த ஆடு. அதை மடக்க ஓடுகிறாள். கோபமோ வன்மமோ அதில் இல்லை.

அதற்காகக் கவ்வ விட்டுவிடவும் கூடாது. பழகினால் போகாது. மாலையில் மகன் நடமாடும் நேரம் மின்னி லேசான கயிற்றில் உங்கள் கையில் இருக்கட்டும். அவள் பாய்ந்தால் மகன் மரம்போல் நின்றுவிட வேண்டும், ஓடாத ஆட்டை மடக்க முடியாது. அந்த நொடியில் நீங்கள் ஒரு துணிக் கயிற்றைத் தரையில் இழுத்துக் காட்டி அதைக் கவ்வ விடுங்கள். கத்தல், அடி, வாயை அமுக்கிப் பிடிப்பது எதுவும் வேண்டாம். இந்த இனங்கள் குரல் உயர்ந்தாலே சுருங்கிப்போகும் அல்லது இன்னும் கிளர்ந்துவிடும். பெரியவர் யாரும் இல்லாமல் குழந்தையையும் குட்டியையும் ஒரே அறையில் விடாதீர்கள். அப்புறம், இன்னும் சில வாரத்தில் பால்பல் விழ ஆரம்பிக்கும். சுமார் ஆறு மாதம் வரை ஈறு அரிப்பு இருக்கும், கடிப்பதற்கு ஏதாவது எப்போதும் கொடுத்து வையுங்கள்.

கவலைப்பட வேண்டிய அறிகுறிகள் வேறு. உடம்பு விறைத்து அசையாமல் நின்று உறுமுவது, சாப்பாட்டுப் பக்கம் யாரையும் விடாமல் சீறுவது, மூலையில் ஒளிந்து வெளியே வரவே மறுப்பது. இவற்றில் எதையாவது பார்த்தால் தள்ளிப்போடாமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். வலி இருந்தாலும் குட்டி இப்படி நடந்துகொள்ளும்.

சுபாவம் பற்றிக் கேட்டீர்கள். துறுதுறுப்பும் சுபாவமும் ஒன்றல்ல. இன்றைய பார்டர் கோலிகளின் மூதாதை என்று சொல்லப்படும் ‘ஓல்ட் ஹெம்ப்’ 1893-ல் இங்கிலாந்தின் நார்தம்பர்லேண்டில், ஆடம் டெல்ஃபர் என்பவரிடம் பிறந்தது. தகப்பன் ராய் இணக்கமான நாய், வேலையில் பெரிய வேகம் கிடையாது. தாய் மெக் கூச்ச சுபாவம், ஆனால் ஆடுகளைப் பார்வையாலேயே கட்டிப்போடும். இரண்டும் கலந்து பிறந்த ஹெம்ப் குரைக்காமல் கவ்வாமல் அமைதியாக வேலை செய்தது, ஆடுகளும் மிரளாமல் அதற்குக் கட்டுப்பட்டன. அந்த அமைதியைப் பார்த்துத்தான் மேய்ப்பர்கள் தேடி வந்து தங்கள் நாய்களை அதனுடன் சேர்த்தார்கள். 200-க்கும் மேற்பட்ட குட்டிகளுக்குத் தகப்பன் அது. இடைவிடாமல் ஓடும் நாய் எந்த மேய்ப்பருக்கும் தொல்லைதான். படு என்றால் படுத்து, கூப்பிடும் வரை காத்திருக்கிற நாயைத்தான் அவர்கள் வைத்துக்கொண்டார்கள். அந்தப் பொறுமையும் மின்னியின் ரத்தத்தில் இருக்கிறது. அதை வெளியே கொண்டுவர யாராவது பழக்க வேண்டும்.

தோழி வீட்டுக் குட்டியோடு ஒப்பிடாதீர்கள். ஒரே ஈத்துக் குட்டிகள் ஒரே மாதிரி இருப்பதில்லை. அந்தக் குட்டி நன்றாகத் தூங்குகிறதோ, பயத்தில் ஒடுங்கியிருக்கிறதோ, வெளியிலிருந்து பார்த்து எப்படிச் சொல்வது? சின்ன வயதில் காட்டும் குணத்தை வைத்து வளர்ந்த நாயைக் கணிப்பது பெரும்பாலும் பலிப்பதில்லை.

நான் கவனிக்கச் சொல்வது மின்னியின் கூருணர்வை. மேய்ப்பு இனங்களுக்கு அசைவும் ஒலியும் மற்ற நாய்களைவிட உறைக்கும். பட்டாசு, இடி, வண்டிச் சத்தத்துக்கு மிரள்கிறவை இவற்றில் அதிகம். புதியவற்றை இயல்பாக ஏற்றுக்கொள்ளும் பருவம் மூன்று வாரத்தில் தொடங்கி ஏறக்குறைய 14 வாரத்தோடு முடிந்துவருகிறது, மின்னி அதன் விளிம்பில் நிற்கிறாள். அதனால் இதுவரை பந்து வீசிய நேரத்தில் வெளியே கூட்டிப் போய்ச் சும்மா உட்காருங்கள். வண்டிகள் போகிற சாலையிலிருந்து நன்றாகத் தள்ளி, கயிற்றோடு. ஒரு வண்டி போகிறது, அவள் பார்க்கிறாள், உங்களைத் திரும்பிப் பார்க்கிறாள், வாயில் ஒரு துண்டு தின்பண்டம். பத்து நிமிடம் போதும். வண்டியைத் துரத்தும் பழக்கம் இந்த இனங்களின் உயிரையே வாங்கியிருக்கிறது. அது வருவதற்கு முன்னாலேயே தடுக்க வேண்டும்.

மூளைக்கும் வேலை கொடுங்கள். தட்டில் வைக்கும் உலர் உணவில் பாதியைப் புல்லில் தூவி மோப்பம் பிடித்துத் தேட விடுங்கள். பொம்மைகளுக்குப் பெயர் சொல்லிக் கொடுங்கள். அமெரிக்காவில் ஜான் பில்லி என்ற உளவியல் பேராசிரியர் வளர்த்த சேஸர் என்ற பார்டர் கோலி 1,022 பொம்மைகளின் பெயர்களைக் கற்றுக்கொண்டது, 2011-ல் ஆய்வாகவே வெளிவந்தது. மின்னிக்கு மூன்று பெயர் தெரிந்தாலே இப்போதைக்கு நிறைவு. ஒரு தடவைக்கு மூன்று நான்கு நிமிடம், அதற்கு மேல் வேண்டாம்.

கணவருக்கு ஒன்று சொல்ல வேண்டும். இரண்டு வாரத்தில் மாலை நேரம் மாறும், ஆனால் அத்தோடு முடிந்துவிடாது. ஆறு, எட்டு மாதத்தில் இளவட்டப் பருவம் வரும், கற்றதெல்லாம் மறந்த மாதிரி நடக்கும். 2020-ல் பிரிட்டனில் வெளிவந்த ஓர் ஆய்வில், ஐந்து மாதத்தில் கேட்டதைவிட எட்டு மாதத்தில் நாய்கள் வளர்ப்பவர் சொன்னதைக் குறைவாகவே கேட்டன, அந்நியர் சொன்னதைக் கேட்பது அப்படிக் குறையவில்லை. அதுவும் கடந்துபோகும். முழுதாக நிதானம் வர இரண்டு மூன்று வயது ஆகலாம், அப்போதும் சோபாவில் நாள் முழுக்கக் கிடக்கும் நாயாக இருக்காது. தினமும் ஒரு மணி நேரமாவது அவளோடு சேர்ந்து எதையாவது செய்ய உங்கள் வீட்டில் ஆள் உண்டா என்று இருவரும் உட்கார்ந்து பேசுங்கள். உண்மையிலேயே முடியாது என்றால், சீக்கிரம் நல்ல கையில் ஒப்படைப்பது பாவமில்லை. ஆனால் அந்த முடிவைத் தூக்கம் கெட்ட ஒரு குட்டியைப் பார்த்து எடுக்காதீர்கள்.

குளிர்சாதனப் பெட்டியில் ஒரு தாள் ஒட்டுங்கள். மின்னி எப்போது தூங்கினாள், எப்போது எழுந்தாள் என்று எழுதும் பொறுப்பு உங்கள் மகனுடையது. பள்ளி நேரத்துக்கு நீங்கள் எழுதி வையுங்கள், வந்ததும் அவன் கூட்டிப் பார்க்கட்டும். பதினான்காம் நாள் அந்தத் தாளையும், அன்று இரவு ஏழு மணிக்கு மின்னி என்ன செய்துகொண்டிருந்தாள் என்பதையும் எனக்கு எழுதுங்கள்.