கடலோர வீட்டில் ரிப்பன் ட்வீட்டர் தாங்குமா?

திருவான்மியூர் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "கடற்கரையிலிருந்து இரண்டு தெரு தள்ளி எங்கள் வீடு. ரிப்பன் ட்வீட்டர் (உச்ச ஒலிகளை எழுப்பும் பகுதி) உள்ள ஸ்பீக்கர் ஜோடி ஒன்று செகண்ட் ஹேண்டில் வருகிறது. 12 வருடம் ஓடியதாம். ரிப்பன் இன்னும் எத்தனை நாள் உழைக்கும்? வாங்கலாமா?"

வாங்கலாம். ஆனால் அந்த மாடலுக்கு மாற்று ரிப்பன் இன்றும் கிடைக்கிறதா என்று விசாரித்த பிறகுதான்.

ரிப்பன் வயதாகிச் சாவதைவிட அடிபட்டுச் சாவதே அதிகம். சாதாரண ட்வீட்டரில் இருப்பது போல இதில் தனியாகக் கம்பிச் சுருள் (காயில்) கிடையாது. இரு காந்தங்களுக்கு நடுவே தொங்கும் மெல்லிய அலுமினியத் தாள்தான் ரிப்பன். அதுவே மின்சாரத்தையும் கடத்துகிறது, அதிர்ந்து ஒலியும் எழுப்புகிறது. செம்பு இன்னும் நன்றாகக் கடத்தும்தான், ஆனால் அலுமினியத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல் கனம். அதனால்தான் அலுமினியம். பல மாடல்களில் அதன் தடிமன் 20 மைக்ரானுக்கும் கீழே. நம் தலைமுடியே சுமார் 70 மைக்ரான் இருக்கும்! தாளில் குறுக்கே போட்டிருக்கும் நெளிவுதான் அதற்கு ஸ்பிரிங். ஒருமுறை இழுபட்டுவிட்டால் நெளிவு பழையபடி திரும்பாது. தாள் தொய்ந்து காந்தத்தில் உரசும், கரகரக்கும்.

முதல் எதிரி காற்று. பெசன்ட் நகரில் ஒரு வீட்டில் தூசி போகட்டும் என்று புளோயரால் ஊதியிருந்தார்கள். நான் போய்ப் பார்த்தபோது இரண்டு ரிப்பனும் கிழிந்து தொங்கின. வேக்குவம் கிளீனரும் அப்படித்தான், பக்கத்தில் கொண்டுபோகவே கூடாது.

அடுத்தது உப்பு. அலுமினியத்தின் மேல் இயற்கையாகவே ஒரு ஆக்சைடு படலம் உண்டு. ஈரத்தோடு வரும் உப்பு அதைப் புள்ளி புள்ளியாக அரிக்கும். பாத்திரத்தில் அது வெறும் கறை. இவ்வளவு மெல்லிய தாளிலோ ஓட்டையே விழும். நியோடிமியம் காந்தத்தின் முலாம் பெயர்ந்தால் அதுவும் துருப்பிடிக்கும். அப்புறம், பக்கத்து வீட்டில் கிரில் வெல்டிங் நடந்தால் ஸ்பீக்கரை மூடிவையுங்கள். இரும்புத் தூளைக் காந்தம் இழுத்துக்கொள்ளும்.

காப்டன் என்ற பிளாஸ்டிக் படலத்தின் மேல் அலுமினியத் தடம் ஒட்டிய வகையும் ரிப்பன் என்ற பெயரில் விற்கிறது. சரியாகச் சொன்னால் அது பிளேனார். எளிதில் கிழியாது, சூட்டையும் நன்றாகத் தாங்கும். வயலினின் வில்லோசையை வெறும் அலுமினியத்தில் கேட்கும் சுகம் எனக்குத் தனிதான். ஆனாலும் ஜன்னல் திறந்தே கிடக்கும் கடலோர வீட்டுக்குக் காப்டனைத்தான் சொல்வேன்.

வாங்கும்போது மல்டிமீட்டரை மட்டும் நம்பாதீர்கள். அசல் ரிப்பனின் மின்தடை ஒரு ஓமுக்கும் வெகு கீழே. அதனால் அதற்கு முன்னால் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். மீட்டர் அந்த டிரான்ஸ்ஃபார்மரின் உள்ளீட்டுப் பக்கச் சுருளைத்தான் அளக்கும். ரிப்பன் அறுந்திருந்தாலும் 'நன்றாக இருக்கிறது' என்றே காட்டும். டார்ச் அடித்துப் பாருங்கள்: நெளிவு சீராக இருக்க வேண்டும், தாள் நடுவில் நிற்க வேண்டும், வெள்ளைப் புள்ளி கூடாது. பிறகு ஒரே பாட்டை மோனோவில் (இரு பக்கமும் ஒரே ஒலி வரும்படி) மெதுவாக வைத்து, இடது வலது ஸ்பீக்கர்களை மாற்றி மாற்றிக் கேளுங்கள்.

பாஸை, அதாவது தாழ்ந்த ஒலிகளை, ட்வீட்டருக்குப் போகாமல் பிரித்துவிடும் கிராஸ்ஓவர் சுற்று இல்லாமல் ட்வீட்டருக்கு நேராக ஆம்ப்பை (ஆம்ப்ளிஃபையரை) இணைக்கவே வேண்டாம். பாஸ் உள்ளே போனால் ஒரே அடியில் தாள் நீண்டுவிடும்.

விலை படிந்தால் மாற்று ரிப்பன் ஒரு ஜோடியும் சேர்த்தே வாங்கி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வையுங்கள்.