இரத்தப்போக்கு நின்றதும் கதிர்ச்சிகிச்சையை விடலாமா?

விடக் கூடாது. அம்மாவுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய், 2பி நிலை, அதாவது கருப்பையைத் தாண்டிப் பக்கத்துத் திசுவுக்குப் பரவிய நிலை. மூன்றாம் வாரத்தில் இரத்தப்போக்கு நின்றுவிட்டதால் ஹட்டனிலிருந்து கண்டிக்கு இனியும் அலைய வேண்டுமா என்கிறீர்கள். கட்டி சுருங்கியதால் நின்றிருக்கும், நோய் போய்விடவில்லை. முழுச் சிகிச்சை பெற்றவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் 5 ஆண்டுகளைத் தாண்டுகிறார்கள். நடுவில் விட்டால் அந்தக் கணக்கு செல்லாது, லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) யார் என்ன சொன்னாலும்.

கிளினிக் கொப்பியைப் புரட்டுங்கள். உட்கதிர்ச் சிகிச்சைக்கு, அதாவது கதிர்மூலத்தை உடலுக்குள் கட்டியருகே வைத்துத் தரும் சிகிச்சைக்கு, திகதி போட்டிருக்கிறதா? முதல் நாளிலிருந்து 8 வாரத்துக்குள் எல்லாம் முடிவது நல்லது. ஹீமோகுளோபின் அளவையும் கேளுங்கள். இரத்தச்சோகை கதிரின் பலனைக் குறைக்கும்.

காய்ச்சல், வெள்ளணுக் குறைவு என்று மருத்துவரே இடைவெளி விட்டால் அது வேறு. பயணம்தான் சிக்கலென்றால் வார்டில் தங்கவைக்க முடியுமா என்று கேளுங்கள்.