கம்பெனி வேலையா, குரூப் 4-ஆ? பாலக்கோட்டிலிருந்து கேட்ட ஓர் அப்பாவுக்கு

அண்ணா, வணக்கம்.

தம்பி பி.இ. மெக்கானிக்கல் படிக்க ஆசைப்படுகிறான். நீங்களோ, ஏதாவது ஒரு டிகிரியைத் தபாலில் முடித்துக்கொண்டு தருமபுரியில் குரூப் 4 (அரசு அலுவலக உதவியாளர் போன்ற வேலைகளுக்கான தேர்வு) கோச்சிங் சேரட்டும், கம்பெனி பக்கமே போகவேண்டாம் என்கிறீர்கள். ஓசூரில் கான்ட்ராக்டில் இருந்து, 2020-ல் ஒரே நாளில் வேலை நின்று ஊர் திரும்பியவர் நீங்கள். உங்கள் பயம் நியாயமானது. ஆனால் அந்த வருடம் யாருக்கு, எதனால் அடி விழுந்தது என்று முழுதாகப் பார்த்துவிட்டுப் பிள்ளையின் படிப்பை முடிவுசெய்யலாம்.

2020 மார்ச் 25-ல் கொரோனாவால் நாடு முழுக்க ஊரடங்கு வந்தது. அடுத்த ஏப்ரல்-ஜூன் மூன்று மாதத்தில் நாட்டின் மொத்த உற்பத்தி, முந்தைய ஆண்டின் அதே மாதங்களைவிட 23.9 சதவீதம் குறைந்ததாக அரசின் முதல் மதிப்பீடு சொன்னது. கட்டுமானம் பாதியாகச் சரிந்தது. வியாபாரம், ஓட்டல், போக்குவரத்து மூன்றும் சேர்த்து 47 சதவீதம், தொழிற்சாலை உற்பத்தி 39 சதவீதம் விழுந்தன. விவசாயம் மட்டும் 3.4 சதவீதம் வளர்ந்தது. நம் மாவட்டத்து ஆட்கள் பெங்களூருக்கும் ஓசூருக்கும் போவது பெரும்பாலும் எந்த வேலைக்கு? கட்டட வேலை, ஓட்டல், பேக்கரி, வண்டி ஓட்டுவது, உதிரிபாகக் கம்பெனி. விழுந்தவை எல்லாமே இவைதான்.

உங்கள் வேலை போன வழியையும் பாருங்கள். 2020 ஏப்ரலில் மாருதி உள்நாட்டில் ஒரு கார்கூட விற்கவில்லை. வண்டி விற்காவிட்டால் உதிரிபாகத்துக்கு ஆர்டர் இல்லை. ஆர்டர் இல்லையென்றால் சின்ன கம்பெனி முதலில் கைவைப்பது கான்ட்ராக்டர் அனுப்பிய ஆட்களின் மேல்தான். கம்பெனியே நேரடியாக வேலைக்கு எடுத்தவர்களிலும் பலருக்குச் சம்பளம் குறைந்தது, ஆனால் பெயர் ரெஜிஸ்டரில் இருந்தது. பி.எஃப். எண் இருந்தவர்கள் மூன்று மாத அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும், அல்லது கணக்கில் இருந்ததில் 75 சதவீதம், இதில் எது குறைவோ அதைத் திருப்பிக் கட்டவேண்டாத பணமாக எடுக்க முடிந்தது. இ.எஸ்.ஐ. தொழிலாளர் காப்பீட்டில் தகுதி இருந்தவர்களுக்கு வேலை இழந்த காலத்துக்கு 90 நாள் வரை பாதிச் சம்பளம் தர வழி செய்தார்கள். சனிக்கிழமை கையில் கூலி வாங்கியவர்களுக்கு இரண்டுமே இல்லை. ஒரே ஷெட்டில், ஒரே மெஷினில் நின்றவர்களுக்குள்தான் இவ்வளவு வித்தியாசம்.

சரி, அரசு வேலைக்கு வருவோம். உள்ளே இருந்தவர்களுக்குச் சம்பளம் வந்தது, உண்மை. அகவிலைப்படி உயர்வு போன்ற சிலவற்றை நிறுத்திவைத்தார்கள், அவ்வளவுதான். வாசலில் நின்றவர்கள் கதை வேறு. குரூப் 4 தேர்வு 2019 செப்டம்பரில் நடந்தது. அடுத்தது 2022 ஜூலையில்தான். நடுவில் ஓய்வு வயதை 58-லிருந்து 59, பிறகு 60 என்று ஏற்றியதால் காலியாக வேண்டிய இடங்களும் தள்ளிப்போயின. வயது கடந்துவிடும் என்று தவித்தவர்களுக்காக 2021-ல் உச்ச வயது வரம்பை இரண்டு ஆண்டு உயர்த்த வேண்டியிருந்தது. 2022-ல் அறிவித்த 7,301 இடங்களுக்கு விண்ணப்பித்தவர்கள் சுமார் 22 லட்சம் பேர். தொற்று வந்தால் அரசின் வரி வருமானமும் விழும், ஆள் எடுப்பதும் நிற்கும். ஆகவே பிள்ளையைக் குரூப் 4 ஒன்றை மட்டும் நம்பி நிறுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இதே 2020 டிசம்பரில்தான் போச்சம்பள்ளியில் ஓலா மின்சார ஸ்கூட்டர் தொழிற்சாலைக்கு 2,400 கோடி ரூபாயில் அரசோடு ஒப்பந்தம் ஆனது. ஏத்தர் 2021 தொடக்கத்தில் ஓசூரில் தொழிற்சாலை திறந்தது. தொழில் ஒரு பக்கம் விழுந்தபோதே நம் பக்கத்தில் வேறு தொழிலாக முளைத்தது. ஆனால் ஊர் திரும்பியவர்கள் எல்லோரையும் அது கூப்பிடவில்லை. நாட்டில் விவசாயத்தை நம்பியிருந்த உழைப்பாளர் பங்கு 2018-19-ல் 42.5 சதவீதம், 2020-21-ல் 46.5 சதவீதம். அதே ராகிக் காட்டில், அதே தக்காளித் தோட்டத்தில் கூடுதல் ஆட்கள், அவ்வளவுதான். புதிய கம்பெனிகள் கேட்டது மோட்டார், பேட்டரி, சென்சார் தெரிந்த கைகளை.

அதனால் தம்பி மெக்கானிக்கல் சேரட்டும், கூடவே எலெக்ட்ரிகல் அடிப்படையைக் கற்கட்டும். எந்தக் கல்லூரி, எவ்வளவு கடன் என்பதில்தான் நீங்கள் கறாராக இருக்கவேண்டும். ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளி என்பதால் அவனுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்கிறது. தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். கலந்தாய்வில் பர்கூர் அரசுப் பொறியியல் கல்லூரியை மேலே வைக்கலாம். மேனேஜ்மென்ட் சீட்டுக்கு லட்சக்கணக்கில் கடன் மட்டும் வேண்டாம். 2020-ல் ஆறு மாதம் இ.எம்.ஐ. கட்டவேண்டாம் என்று ரிசர்வ் வங்கி சலுகை தந்தபோதும் வட்டி ஓடிக்கொண்டேதான் இருந்தது. வருமானம் நின்றாலும் கடன் நிற்காது என்பதை நீங்களே அனுபவித்திருப்பீர்கள்.

குரூப் 4-ஐ விடச் சொல்லவில்லை. பத்தாவது தேர்ச்சியும் 18 வயதும் இருந்தால் அதன் பல பதவிகளுக்கு எழுதலாம். கல்லூரியில் இருந்துகொண்டே தமிழும் பொது அறிவும் கணக்கும் பார்க்கலாம். அப்புறம், நாளைக்கு ஆஃபர் லெட்டர் வரும்போது சம்பளத்துக்கு முன்னால் மேலே யார் பெயர் அச்சாகியிருக்கிறது என்று பாருங்கள்: கம்பெனியா, ஆள் அனுப்பும் ஏஜென்சியா? பி.எஃப். பிடிக்கிறார்களா என்று கேட்கச் சொல்லுங்கள்.

தம்பியின் மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், பள்ளியில் தரும் அரசுப் பள்ளிப் படிப்புச் சான்று மூன்றையும் எடுத்துக்கொண்டு அவனையும் கூட்டி வாருங்கள். ஓசூரில் உங்களுக்கு பி.எஃப். பிடித்தார்களா என்று எழுதவில்லை. பழைய சம்பளச் சீட்டு எங்காவது கிடந்தால் அதையும் கொண்டு வாருங்கள். கணக்கில் உங்கள் பணம் மீதி இருக்கிறதா என்று அன்றைக்கே பார்த்துவிடலாம்.