தன்னைத் தாங்கும் பஸ் – கடிதம்

அன்புள்ள ஐயா,

பழைய ஐரோப்பியப் பஸ்களைப் பற்றி நீங்கள் எழுதுவதை விடாமல் படித்துவருகிறேன். கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் வரைபடப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஜெர்மனியின் செட்ரா பஸ்ஸைப் பற்றிச் சில சந்தேகங்கள். எஸ் 415, எஸ் 516 என்ற எண்களுக்கு என்ன பொருள்? அதைச் செய்த கேஸ்போரர் குடும்பம் டான்யூப் நதியில் படகோட்டிய குடும்பம் என்பதால்தான், படகைப்போல உலகின் முதல் மோனோகாக் பஸ்ஸை அவர்களால் செய்ய முடிந்தது என்று படித்தேன். சரியா? அடிச்சட்டமான சேசிஸை எடுத்துவிட்டால் எடை எவ்வளவு குறையும்? இன்றைய செட்ரா, பெயர் மாற்றிய மெர்சிடிஸ்தானா? இன்னொரு ஜெர்மன் பஸ்ஸான நியோப்ளானோடு ஒப்பிட்டால் எது மேல்?

பின்குறிப்பு: எங்களிடம் திரும்பி வந்த ஒரு பஸ்ஸில் பின்சக்கரத்துக்கு மேலே ஜன்னல் பில்லரின் அடியில் விரிசல். மூன்று முறை தடித்த பட்டை வைத்து வெல்டு அடித்தும் பக்கத்திலேயே மறுபடி விரிகிறது.

அன்புடன்,
மணி

அன்புள்ள மணி,

எண்ணுக்குப் பதில் ஒரே வரி. கடைசி இரண்டு இலக்கங்கள் இருக்கை வரிசைகள், முதல் இலக்கம் தலைமுறை. எஸ் 415 என்றால் 400-ஆம் தொடர், 15 வரிசை. எச்டி என்று சேர்ந்தால் உயர்ந்த தளம், எச்டிஎச் அதற்கும் மேல். 1951-இல் வந்த முதல் வண்டியில் தொடர் எண்ணே கிடையாது. எட்டு வரிசை இருந்தது, எஸ் 8 என்றார்கள்.

படகுக் கதையைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். குடும்பம் உல்ம் நகரத்துப் படகுக்காரர்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் கார்ல் கேஸ்போரர் 1893-இல் அங்கே தொடங்கியது வண்டிப் பட்டறை. மரச்சக்கரமும் வண்டிக்கூடும் செய்கிற தொழில். 1911-இல் அவர் கட்டிய முதல் பஸ், ஸாவ்ரர் நிறுவனத்துச் சேசிஸின் மேல் உட்கார்ந்திருந்தது. உல்முக்கும் விப்லிங்கனுக்கும் இடையே ஓடியது. 1922-இல் அவர் இறந்தபின் மகன்கள் கார்லும் ஓட்டோவும் தொழிலை எடுத்தார்கள். அவர்களும் மற்றவர்கள் கொடுத்த சேசிஸின் மேல்தான் கூடு கட்டினார்கள். 1893-இலிருந்து 1951 வரை 58 ஆண்டுகள். படகோட்டி ரத்தம் அதுவரை எங்கே உறங்கிக்கொண்டிருந்தது? உங்கள் ஊரில் இன்று நடக்கும் அதே தொழிலைத்தான் அவர்களும் செய்தார்கள். சேசிஸ் வரும்வரை காத்திருப்பது, அதை வடிவமைத்தவன் எஞ்சினை எங்கே வைத்தானோ அதைச் சுற்றிப் பயணிகளை உட்காரவைப்பது. அந்தக் காத்திருப்பிலிருந்து வெளியே வரத்தான் ஓட்டோ கேஸ்போரர் எஞ்சின், கியர்பாக்ஸ், அச்சு ஆகியவற்றை மட்டும் வெளியில் வாங்கி, மிச்சம் முழுவதையும் தன் பட்டறையிலேயே செய்தார். ஹென்ஷல் நிறுவனத்து டீசல் எஞ்சின் பின்னால் போனது. முன் எஞ்சினிலிருந்து பின் அச்சுக்குப் போகும் நீண்ட புரொப்பெல்லர் ஷாஃப்ட் போயே போய்விட்டது. செல்ப்ஸ்ட்டிராகெண்ட், அதாவது தன்னைத் தானே தாங்குவது. அந்தச் சொல்லைச் சுருக்கித்தான் செட்ரா.

‘உலகின் முதல்’ என்பதையும் அடித்துவிடுங்கள். பிரான்ஸில் அன்னோனே ஊரில் ஜோசப் பெஸ்ஸே 1930-களின் கடைசியிலேயே இசோப்ளாக் என்று சேசிஸ் இல்லாத, பின்னால் எஞ்சின் வைத்த பஸ்ஸைக் கொண்டுவந்துவிட்டார். அமெரிக்காவில் கிரேஹவுண்டு பஸ் நிறுவனத்துக்காக யெல்லோ கோச் என்ற தொழிற்சாலை செய்ததும் அதே பத்தாண்டில்தான். செட்ராவின் பெருமை வேறு. இந்தக் கட்டுமானத்தை விடாமல் பிடித்துக்கொண்டு, 1959-இல் பத்தாம் தொடர் வந்தபோது, ஒரே உதிரிகளை வைத்துப் பல நீளங்களில் வண்டி செய்யும் முறையாக அதை வளர்த்தார்கள். ஏன் அது முடிந்தது என்பது, நான் இப்போது சண்டைபோடப் போகிற விஷயத்துக்குள்தான் இருக்கிறது.

மோனோகாக் என்று எழுதியிருக்கிறீர்கள். வரைபடம் போடுகிறவர் இப்படி எழுதலாமா? டிராவல்ஸ்காரர்கள் டிக்கெட் விற்கச் சொல்லட்டும், நீங்கள் சொல்லக்கூடாது. மோனோகாக்கில் பாரத்தைத் தாங்குவது தோல். முட்டை ஓடு மாதிரி. செட்ராவில் வெளித்தகடு ஏறக்குறைய ஆடைதான். தாங்குவது உள்ளே இருக்கும் சதுர, செவ்வகக் குழாய்களால் ஆன கூடு. தளத்துக் குறுக்குக் குழாய், இரண்டு பக்கத்துப் பில்லர்கள், கூரை வில் எல்லாம் சேர்ந்து ஒரு வளையம். அப்படிப் பல வளையங்களை நிறுத்தி நீளவாட்டுக் குழாய்களாலும் மூலைவிட்டக் குழாய்களாலும் கட்டினால் பஸ். நீளம் கூட்ட வேண்டுமா? நடுவில் வளையம் சேர்க்கலாம். முன்பக்கமும் பின்பக்கமும் மாறாது. பல நீளங்கள் சாத்தியமானது இதனால்தான். 800 மில்லிமீட்டர் உயர மேடையிலிருந்து வண்டியைப் பக்கவாட்டில் சரித்துவிட்டு, உள்ளே பயணிகளின் இடம் நசுங்காமல் இருக்கிறதா என்று பார்க்கும் ஆர்66 சோதனையிலும் உயிரைக் காப்பது இந்த வளையங்கள்தான்.

எடை எவ்வளவு குறையும் என்பது தவறான கேள்வி. சேசிஸ் சட்டத்தை எடுத்தால் அதன் வேலையை வேறு எதுவோ செய்தாக வேண்டும், கொஞ்சம் எடை கூட்டுக்குள் திரும்ப வரும். கேட்க வேண்டியது, பாரம் எந்த வழியாக இறங்குகிறது என்பது.

ஒரு சோதனை சொல்கிறேன். ஓசூரிலிருந்து வெறும் சேசிஸைத் தலையில் துண்டு கட்டிய டிரைவர் வெயிலில் ஓட்டிவருவதை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். அது தனியாக ஓடுகிறது. செட்ராவில் கூரையும் பக்கமும் பற்றவைக்கும்வரை ஓட்டுவதற்கு எதுவுமே இல்லை. வித்தியாசம் முழுக்க இதில் இருக்கிறது.

சேசிஸ் என்பது ஏணி. இரண்டு நீளச் சட்டங்கள், இடையே கிராஸ் மெம்பர்கள். சட்டத்தின் உயரம் கால் மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஜன்னலுக்குக் கீழே பக்கச்சுவர் ஒரு மீட்டர். மேலும் கீழும் அதே அளவு இரும்பை வைத்து, இடையே உள்ள தூரத்தை நான்கு மடங்கு ஆக்கினால் வளையாத தன்மை பதினாறு மடங்காகும். முறுக்கத்தில் ஏணி இன்னும் மோசம். ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது ஏணி முறுக்கிக்கொடுக்கும், லாரிக்கு அதுதான் வேண்டும். ஷூ பெட்டியை மூடி இல்லாமல் இரண்டு கையாலும் முறுக்கிப் பாருங்கள், வளையும். மூடியின் விளிம்பைச் சுற்றிலும் ஒட்டிவிட்டு முறுக்குங்கள். அதுதான் பஸ் கூடு.

இப்போது இந்த இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து யூ போல்ட் போட்டு இறுக்குகிறீர்கள். கீழே நெகிழ்கிற ஏணி, மேலே நெகிழாத பெட்டி. பாரத்தைச் சுமக்கவேண்டியது ஏணி என்று வரைபடம் சொல்கிறது. இரும்புக்கு வரைபடம் படிக்கத் தெரியாது. எது விறைப்போ அது பாரத்தை வாங்கிக்கொள்ளும். பெட்டி வாங்குகிறது. ஆனால் பாரம் வாங்குவதற்காக அதைக் கட்டவில்லை. அதனால் மூலையில் விரிகிறது.

உங்கள் பின்குறிப்புக்கு வந்துவிட்டேன். பின்சக்கரத்துக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி நம் விதிப்படி வீல்பேஸில், அதாவது முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள தூரத்தில், 60 சதவீதம்வரை போகலாம். அங்கே கடைசி வரிசை ஆட்களும் டிக்கிச் சாமானும் தொங்குகிறார்கள். பின் அச்சுக்கு மேலே கூடு முதுகு வளைவதுபோல வளைகிறது, மேல்பக்கம் இழுபடுகிறது. அதே இடத்தில்தான் சக்கர வளைவுக்காகப் பக்கச்சுவரின் அடியை அரைவட்டமாக வெட்டியிருக்கிறீர்கள். ஒரு மீட்டர் உயரம் அங்கே பாதிகூட இல்லை. இழுப்பு முழுவதும் ஜன்னல் அடிச்சட்டத்தில், பில்லர் அதைத் தொடும் மூலையில் போய் நிற்கிறது. செட்ராவிலும் இதே ஆபத்து உண்டு. எஞ்சினே பின்னால் தொங்குகிறதே! அதனால்தான் ஸ்பிரிங்குக்குப் பதிலான காற்றுப் பைகள், ஏர் பெலோஸ், உட்காரும் இடத்தில், பக்கச்சுவரிலிருந்து பக்கச்சுவர்வரை கனத்த குறுக்குச் சட்டம் வைத்து, சக்கர வளைவைச் சுற்றி மூலைவிட்டக் குழாய்களால் முக்கோணம் கட்டுகிறார்கள். முக்கோணம் இருந்தால் குழாய் நீளவாட்டில் இழுபடும் அல்லது அழுந்தும். வெறும் சதுரக் கட்டமாக இருந்தால் மூலை வளையும். வளைகிற மூலைதான் விரியும். நடுக்கதவும் இதே கதைதான். கதவு உயரத்துக்குச் சுவர் முழுவதையும் வெட்டிவிடுகிறோம், அதனால் வாசலைச் சுற்றி மூடிய கனத்த சட்டம் வேண்டும்.

தடித்த பட்டை வைத்தது பெரிய தப்பு, தம்பி. கோபித்துக்கொள்ள வேண்டாம். மூன்று முறை செய்தும் உறைக்கவில்லை என்றால் யாராவது சொல்லித்தானே ஆக வேண்டும்? 2 மில்லிமீட்டர் குழாயின் மேல் 6 மில்லிமீட்டர் பட்டையை வைத்தால் அந்த இடம் மட்டும் கல்லாகிவிடும். வளைவு முழுவதும் பட்டை முடிகிற விளிம்புக்கு நகரும். அங்கேதான் வெல்டின் சூட்டில் இரும்பு சோர்ந்தும் இருக்கிறது. நாலாவது விரிசல் எங்கே வரும் என்று இங்கிருந்தே சொல்லிவிடுவேன்.

வண்டியைக் காலிசெய்து சமதளத்தில் நிறுத்துங்கள். வெட்டுவதற்கு முன் நடுக்கதவு வாசலின் இரண்டு மூலைவிட்டங்களையும், விரிந்த ஜன்னலின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து எழுதிவையுங்கள். அச்சுகளுக்குப் பக்கத்திலும் பின்கோடியிலும் முட்டுக்கொடுத்து, அதே நான்கையும் மறுபடி அளந்து எழுதிவையுங்கள். தளத்துக் குழாயின் நடுவில் ஜாக்கி வைத்தால் குழாய் நசுங்கும். குறுக்குச் சட்டத்தின் அடியில் வையுங்கள். பின்கோடியை மெல்லத் தூக்க விரிசல் மூடுகிறதா பாருங்கள். மூடினால் காரணம் அந்தத் தொங்கும் பாரம்தான் என்று உறுதியாகிவிடும். பிறகு யூ போல்ட்டுகளையும், சேசிஸிலிருந்து பக்கவாட்டில் நீண்டு கூட்டைத் தாங்கும் அவுட்ரிக்கர்களையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். பின் அச்சுக்கு இரண்டு பக்கமும் ஒன்று தளர்ந்திருந்தால்கூட அதன் பங்கு பாரம் அடுத்ததற்குப் போயிருக்கும். புதிய பிராக்கெட் போட நேர்ந்தால் சேசிஸ் சட்டத்தின் மேல், கீழ் உதடுகளில் துளையிடவோ வெல்டு வைக்கவோ கூடாது. நிமிர்ந்த முகத்தில் மட்டும் துளையிடலாம்.

பழைய பட்டைகளை எல்லாம் நீக்கிவிட்டு, விரிந்த குழாயை இரண்டு பக்கமும் 100 மில்லிமீட்டர் நல்ல இரும்பு வரும்வரை வெட்டியெடுங்கள். மூலையிலேயே வெட்டு வரக்கூடாது. அதே தரம், அதே தடிமனில் புதுத்துண்டு. உள்ளே நழுவி நுழையும் இணைப்புக் குழாய். வெட்டு நேராக இல்லாமல் சாய்வாக. பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, எலக்ட்ரானிக் யூனிட்டுகளின் பிளக்குகளைப் பிடுங்கிய பிறகே வெல்டிங். எர்த் கிளாம்ப் வெல்டு வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கட்டும். தூரத்தில் மாட்டினால் கரண்ட் பேரிங் வழியாகப் போய் அதைச் சுட்டுவிடும். மூலைக்கு வலுவூட்ட வேண்டுமென்றால், மெல்லிய தகட்டு முக்கோணத்தை விளிம்பு வளைவாக வெட்டி வையுங்கள். சக்கர வளைவுக்கு மேலே ஒரு மூலைவிட்டக் குழாய் சேர்க்க முடிந்தால் அதுவே பாதி மருந்து.

கடைசியாகக் குழாய்க்குள் மெழுகு தெளியுங்கள். இதை யாரும் செய்வதில்லை! 8 மில்லிமீட்டர் சேசிஸ் சட்டத்தில் 1 மில்லிமீட்டர் துரு தின்றால் ஒன்றும் ஆகாது. 2 மில்லிமீட்டர் குழாயில் 1 மில்லிமீட்டர் போனால் பாதி பஸ் போயிற்று, வெளியே பெயிண்ட் பளபளப்பாகவே இருக்கும். பனிக்கு உப்புத் தூவும் ஜெர்மன் சாலைகளில் பழைய தன்தாங்கிப் பஸ்கள் இப்படித்தான் உள்ளிருந்து சாகின்றன. படிக்கட்டின் அடி, பேட்டரிப் பெட்டி, சக்கர வளைவின் பின்பக்கம், கழிவறையின் கீழ் என்று வழக்கமான இடங்கள். சுத்தியால் தட்டினால் சத்தம் மந்தமாக வரும், ஸ்க்ரூடிரைவரை அழுத்தினால் உள்ளே போகும். தண்ணீர் நுழையும் வழியைப் பெரும்பாலும் நாமே திறந்துவைக்கிறோம்: போர்டு மாட்ட ஒரு துளை, ஒயர் கிளிப்புக்கு ஒரு துளை.

நியோப்ளான் வேறு மனிதர்கள், வேறு கிறுக்கு. ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்து மோரிங்கனில் 1935-இல் கோட்லோப் ஆவ்வெர்ட்டர் தொடங்கியது. அவர்களும் 1953-இல் தன்தாங்கிக்கு வந்தார்கள். எது மேல் என்று தராசில் நிறுக்க எனக்கு ஆசையில்லை.

மெர்சிடிஸ் கேள்விக்கு: 1995-இல் பணமுடையில் இருந்த கேஸ்போரரின் பஸ் பிரிவை மெர்சிடிஸ் பென்ஸ் வாங்கி, தன் பஸ் பிரிவோடு சேர்த்து எவோபஸ் என்ற நிறுவனம் ஆக்கியது. எஞ்சின், அச்சு, கியர்பாக்ஸ் இன்று பொது. ஆனால் எஞ்சினை என்றைக்குமே கேஸ்போரர் செய்ததில்லையே? ஹென்ஷல் போட்டபோதும் எம்ஏஎன் போட்டபோதும் அது செட்ராதான்.

முட்டுக்கொடுப்பதற்கு முன்னும் பின்னும் எடுத்த அந்த நான்கு மூலைவிட்ட அளவுகளை எனக்கு அனுப்புங்கள். மில்லிமீட்டரில். ‘ஏறக்குறைய’ என்று எழுதி அனுப்பினால் பதில் வராது.

அன்புடன்.