தினமும் தண்ணீர் கேட்கும் காரை வாங்கலாமா?

கேள்வி: 2011 மாடல் ஸ்விஃப்ட் டீசல், 1,70,000 கி.மீ. ஓடியிருக்கிறது. நாகப்பட்டினம் வண்டி. 1,60,000 ரூபாய் கேட்கிறார்கள். கிளட்ச் கனமாக இருக்கிறது, ஏசி குளிரவில்லை. "காலையில் அரை லிட்டர் தண்ணீர் மட்டும் ஊற்றிக்கொள்ளுங்கள், இன்ஜின் பிரமாதம்" என்கிறார் விற்பவர். வாங்கிச் செலவு செய்து ஓட்டலாமா?
– வாசகர், மன்னார்குடி

பதில்: கிளட்ச், ஏசி இரண்டும் பணத்தோடு முடிகிற வேலை. மெக்கானிக்கிடம் கணக்குக் கேட்டு விலையில் கழித்துக்கொள்ளலாம். முடிவு அந்த அரை லிட்டரில்தான் இருக்கிறது. இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட், மூடிய சுற்றுக்குள் ஓடுவது. தினமும் குறைந்தால் ஹோஸ், ரேடியேட்டர், வாட்டர் பம்ப் வழியாக வெளியே ஒழுகுகிறது. இல்லையென்றால் ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு) போய் இன்ஜினுக்குள் இறங்குகிறது.

நீங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். சூட்டில் கூலன்ட் மூடியைத் திறந்தால் கை வெந்துவிடும், சோதனையிலும் ஒன்றும் தெரியாது. குளிர்ந்த நிலையில் திறந்து பாருங்கள். துரு நிறத் தண்ணீர் என்றால் வெறும் தண்ணீரையே ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள். கடலோர ஊர்களில் உப்புக் கலந்த போர் தண்ணீரை ஊற்றுவதுதான் பெரிய கேடு. உப்புப் படிந்து ரேடியேட்டர் குழாய்கள் அடைபடும், அலுமினிய ஹெட் அரித்துப்போகும். மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தாலோ, ஆயில் மூடியின் அடியிலும் ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கிலும் வெளுத்த கொழகொழப்பு இருந்தாலோ ஆயிலும் தண்ணீரும் கலக்கின்றன.

பிறகு மூடியை மாட்டி ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். தண்ணீர் சூடாவதற்கு முன்பே, ஒன்றிரண்டு நிமிடத்தில் ரேடியேட்டரின் மேல் ஹோஸ் அமுக்க முடியாதபடி இறுகினால், இன்ஜினுக்குள் எரிந்த வாயு கூலன்டுக்குள் புகுகிறது. மார்கழிக் காலையில் சைலன்சரில் வெள்ளை ஆவி வருவது இயல்பு. இன்ஜின் சூடேறிய பிறகும் அடர்த்தியாக வந்தால்தான் சந்தேகம். நீலப் புகை ஆயில் எரிவதைக் காட்டும்: பிஸ்டன் ரிங், வால்வு சீல், டர்போ மூன்றில் ஒன்று. கரும்புகைக்கு முதலில் ஏர் ஃபில்டர், இன்ஜெக்டர், புகையில் ஒரு பகுதியை மறுபடி இன்ஜினுக்குள் அனுப்பும் ஈஜிஆர் வால்வு பாருங்கள். இந்த 1.3 லிட்டர் இன்ஜினில் டைமிங் பெல்ட் கிடையாது, செயின். ஸ்டார்ட் ஆனதும் கேட்கும் கரகர சத்தம் சில நொடியில் அடங்காவிட்டால் செயினும் அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும் தேய்ந்திருக்கலாம்.

இதற்குப் பின்னும் தெளிவில்லை என்றால் கூலிங் சிஸ்டத்துக்குப் பிரஷர் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். மூடியில் குறித்திருக்கும் அழுத்தம் வரை பம்ப் செய்து 15 நிமிடம் விட வேண்டும். மீட்டர் முள் இறங்கி, வெளியே சொட்டு தெரிந்தால் பிழைத்தீர்கள். அந்தச் செலவைக் குறைத்துக்கொண்டு வாங்கலாம். முள் இறங்கியும் வெளியே ஈரமே இல்லையென்றால் விட்டுவிடுங்கள். ஹெட்டை இறக்கினால் கேஸ்கெட்டோடு நிற்காது. ஹெட் வளைந்திருக்கிறதா என்று பார்த்து ஃபேசிங் (அடிப்பரப்பைச் சீவிச் சமமாக்குவது), புது ஹெட் போல்ட், செயின் கிட், தெர்மோஸ்டாட், ஆயில், கூலன்ட் என்று நீளும். எத்தனை முறை சூடேறி ஓடியது என்பதும் தெரியாது. பாதி விலைக்கு வந்தாலும் நான் வேண்டாம் என்றே சொல்வேன்.

நம் சமவெளியில் மேடு கிடையாது என்பதால் கிளட்ச்சை ஆற்றுப்பாலத்து ஏற்றத்தில் சோதியுங்கள். நான்காவது கியரில் அழுத்தும்போது சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் பிளேட் தேய்ந்துவிட்டது. நாகை உப்புக்காற்றில் நின்ற வண்டி என்பதால் அடிப்பாகம், ஜாக்கி வைக்கும் இடம், கதவுக்குக் கீழ் விளிம்பு மூன்றையும் ஸ்க்ரூ டிரைவர் பிடியால் தட்டிப் பாருங்கள். காந்தம் ஒட்டாத இடத்தில் பட்டி பூசியிருக்கிறார்கள்.

கேள்வி: 2022 நவம்பர் மழையில் சீர்காழிப் பக்கம் தண்ணீரில் நின்ற காரோ என்று சந்தேகம். எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகர், வைத்தீஸ்வரன்கோவில்

பதில்: சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். கழுவி விற்பவர்கள் அங்கே கைவைப்பதில்லை, வண்டல் கோடு அப்படியே இருக்கும். கார்பெட்டைத் தூக்கி ஸ்பாஞ்சை முகருங்கள். ஸ்டெப்னி குழி, சீட் தண்டவாளத்து போல்ட், டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் ஒயரிங் கனெக்டர்கள் பாருங்கள். கனெக்டரில் பச்சை பூத்திருந்தால் வாங்காதீர்கள். அந்தக் கோளாறு இன்று ஜன்னலில், நாளை ஏர்பேக் விளக்கில் என்று இடம் மாறிக்கொண்டே இருக்கும்.

கேள்வி: டீசல் காரை 10 வருஷத்துக்கு மேல் ஓட்டக் கூடாதாமே?
– வாசகர், கும்பகோணம்

பதில்: அது டெல்லி வட்டாரத்துக்கான கட்டுப்பாடு. இங்கே சொந்த உபயோகக் காருக்கு ஆர்.சி. 15 ஆண்டு செல்லும். அதன்பின் படிவம் 25 கொடுத்து, வண்டியை ஆய்வுக்குக் காட்டி 5 ஆண்டுக்குப் புதுப்பிக்கலாம். முடியும் தேதிக்கு முந்தைய 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பழைய வண்டியில் புதுப்பிப்பை விற்பவரே முடித்துத் தரட்டும். பசுமை வரியும் தாமதக் கட்டணமும் அவர் பொறுப்பு என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள். ஆர்.சி.யில் வங்கிக் கடன் குறிப்பு இருந்தால், கடன் முடிந்ததைத் தெரிவிக்கும் படிவம் 35-ம் வங்கியின் தடையில்லாச் சான்றும் கைக்கு வராமல் அட்வான்ஸ்கூடத் தராதீர்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30 இரண்டிலும் விற்பவர் கையெழுத்தை வாங்கிக்கொண்டே சாவியை வாங்குங்கள்.