ஆட்டிசம் உள்ள சிறு குழந்தைகளோடு வேலை செய்யப் பயிற்சி தரும்போது ‘பிராம்ப்ட்’ என்கிறார்களே, அது என்ன?

ஒரு வேலையைக் குழந்தை தானாகச் செய்யும்வரை நாம் கொடுக்கும் சின்ன உதவிதான் பிராம்ப்ட். கையைப் பிடித்துச் செய்யவைப்பது, தொடுவது, விரலால் காட்டுவது, வாயால் சொல்வது எல்லாம் இதில் சேரும். கொடுப்பது சுலபம்; அதைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்குவதற்குத்தான் பயிற்சி வேண்டும்.

கைகழுவுவதையே பாருங்கள். குழந்தைக்குப் பின்னால் நின்று, முதலில் அதன் கைமேல் கைவைத்து சோப்பைத் தேய்க்கவைக்கிறோம். சில நாளில் மணிக்கட்டை மட்டும் தொடுகிறோம், பிறகு முழங்கையை, கடைசியில் சோப்பை நோக்கி ஒரு விரல். ஒவ்வொரு முறையும் உதவுவதற்கு முன் 5 விநாடி பொறுக்க வேண்டும். புதிதாக வருபவர்கள் சறுக்குவது இங்கேதான். குழந்தை கையை உதறினால் உடனே விட்டுவிடுங்கள்.

“சோப்பை எடு, சோப்பை எடு” என்று சொல்லிக்கொண்டே இருந்தால் நம் குரலும் அந்த வேலையின் ஒரு பகுதியாகிவிடும். குரல் வராமல் கை நகராது. பின்னால் நிற்கச் சொல்வதும் இதனால்தான். சைக்கிள் பழக்குபவர் சீட்டைப் பிடித்தபடி ஓடி, சொல்லாமலே கையை எடுப்பாரே, அந்த மாதிரி.

பயிற்சி மையத்தில் கைகழுவும் குழந்தை வீட்டில் சும்மா நின்றால் பிடிவாதம் என்கிறார்கள்; பெரும்பாலும் அப்படியில்லை, அங்கே குழாய், இங்கே வாளியும் செம்பும் என்றால் அதற்கு இது வேறு வேலை.