விளையாட்டுப் புகைப்படங்களில் அதிர்ஷ்டம் எவ்வளவு, ஆபத்து எவ்வளவு?

பெரிய விளையாட்டுப் படங்கள் எல்லாம் அதிர்ஷ்டத்தில் கிடைத்தவைதானா, ஒரு நல்ல படத்துக்காக எவ்வளவு தூரம் ஆபத்தில் இறங்கலாம், வரும் பொங்கலுக்கு ஜல்லிக்கட்டு எடுக்கப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன். நான் மாவட்ட அளவில் கபடி, கால்பந்து, பொங்கல் சமயத்தில் ஜல்லிக்கட்டு என்று எடுத்துக்கொண்டிருப்பவன். என் அனுபவத்தில் இந்த மூன்று கேள்விக்கும் பதில் நாம் எங்கே நிற்கிறோம் என்பதில்தான் இருக்கிறது.

இந்த வேலையில் அதிர்ஷ்டம் இரண்டு வகை. ஒன்று நேரம், அதாவது சரியான நொடியில் ஷட்டர் விழுந்ததா என்பது. இன்னொன்று இடம். நேரத்தின் அதிர்ஷ்டத்தை இன்றைய கேமரா பெரும்பாலும் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டுவிட்டது. இடத்தின் அதிர்ஷ்டம் 60 வருடத்துக்கு முன்னால் இருந்தபடியே இருக்கிறது, ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது.

முதலில் நேரம். 1960 டிசம்பர் 14, பிரிஸ்பேன், ஆஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் ஆடிய டெஸ்ட். அப்போது அங்கே எட்டுப் பந்து ஓவர், கடைசி ஓவரை வெஸ் ஹால் வீசுகிறார், ஏழாவது பந்தில் இரண்டு அணியும் சமம், ஆஸ்திரேலியாவுக்கு ஒரே ஒரு ரன் வேண்டும், கையில் இருப்பது கடைசி விக்கெட், மெக்கிஃப் ஓடுகிறார். பக்கவாட்டில் இருந்து மேற்கிந்தியத் தீவுகளின் ஜோ சாலமன் எறிகிறார், அந்தக் கோணத்தில் அவருக்குத் தெரிந்தது கிட்டத்தட்ட ஒரே ஒரு ஸ்டம்ப், அதையே அடித்துவிட்டார். ரன் அவுட், டெஸ்ட் வரலாற்றின் முதல் 'டை', அதாவது ரன் கணக்கு சமமாகவே முடிந்த ஆட்டம். மெல்போர்னின் 'தி ஏஜ்' பத்திரிகைக்காரர் ரான் லோவிட் அந்தக் கணத்தை எடுத்தார், அப்போது அவருடைய கேமராவில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு பிளேட், அதாவது ஒரே ஒரு படத்துக்கான இடம். முந்தைய பந்தில் பதற்றத்தில் அழுத்தியிருந்தால் அவ்வளவுதான். இதில் அதிர்ஷ்டம் இருக்கிறது, மறுக்க மாட்டேன், ஆனால் இன்னும் வரவில்லை, இன்னும் வரவில்லை என்று விரலைக் கட்டிவைத்திருந்ததை நான் அதிர்ஷ்டக் கணக்கில் சேர்க்க மாட்டேன்.

இரண்டாவது 'டை' நம் சேப்பாக்கத்திலேயே நடந்தது, 1986 செப்டம்பர் 22. இந்தியாவுக்கு இலக்கு 348, கடைசி ஓவரில் ரவி சாஸ்திரி ஒரு ரன் எடுத்து 347க்குக் கொண்டுவந்து சமன் செய்துவிட்டு எதிர்முனைக்குப் போகிறார், ஒரு பந்து மிச்சம் இருக்கும்போது ஆஸ்திரேலியாவின் கிரெக் மேத்யூஸ் பந்தில் கடைசி ஆட்டக்காரர் மனீந்தர் சிங் எல்பிடபிள்யூ. அந்தக் கணத்தைப் படமாக்கியவர் மாலா முகர்ஜி. ஃபிலிம் காலம், ஒரு ரோலுக்கு 36 படம், ரோல் எந்தப் பந்தில் தீரும் என்பதையும் தலைக்குள் எண்ணிக்கொண்டே இருக்க வேண்டிய காலம்.

கண்ணாடி வைத்த பழைய எஸ்எல்ஆர் கேமராக்களில் இன்னொரு கொடுமை உண்டு. ஷட்டர் திறக்கும்போது கண்ணாடி மேலே தூக்கிக்கொள்ளும், அந்தக் கணம் வியூஃபைண்டர் இருட்டாகிவிடும். ஆக, பந்து மட்டையில் படுவதை உங்கள் கண்ணால் தெளிவாகப் பார்த்துவிட்டீர்கள் என்றால் அது படத்தில் இல்லை என்று அர்த்தம். இன்று கண்ணாடியே இல்லாத மிரர்லெஸ் கேமராக்கள் வந்து அந்த இருட்டும் போய்விட்டது. சோனியின் ஏ9 மார்க் 3 விநாடிக்கு 120 படம் எடுக்கிறது. பட்டனைப் பாதி அழுத்தி வைத்திருந்தால் முழுதாக அழுத்துவதற்கு முந்தைய நொடியின் படங்களையும் சேர்த்துச் சேமிக்கிற வசதி இப்போது பல கேமராக்களில் வந்துவிட்டது, அதாவது ஸ்டம்ப் பறந்ததைப் பார்த்த பிறகு அழுத்தினாலும் பறப்பதற்கு முந்தைய படம் கார்டில் இருக்கும். இது ஏமாற்று வேலை என்று சில மூத்தவர்கள் கோபப்படுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. விநாடிக்கு ஆயிரம் படம் எடுத்தாலும் ஆட்டக்காரர் உங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றால் ஆயிரம் முதுகுதான் கிடைக்கும்.

இதற்கு எல்லாரும் சொல்கிற உதாரணம்தான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1965 மே 25, அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் லூயிஸ்டன் என்ற சின்ன ஊர், முகமது அலியும் சன்னி லிஸ்டனும் மோதிய குத்துச்சண்டை. முதல் சுற்றிலேயே லிஸ்டன் விழுந்துவிட்டார், அலி அவர் மேல் குனிந்து கையை மடக்கிக் கத்துகிறாரே, அந்த வண்ணப் படத்தை எடுத்த நீல் லைஃபருக்கு அப்போது வயது 22. ரிங்குக்கு மேலே கட்டியிருந்த பெரிய ஃபிளாஷ் விளக்குகளை நம்பி எடுத்தார், அவை ஒரு தடவை எரிந்தால் மறுபடி சார்ஜ் ஏறும்வரை காத்திருக்க வேண்டும், அதனால் அந்தக் காட்சிக்கு ஒரே வாய்ப்பு. படத்தை நன்றாகப் பாருங்கள், அலியின் கால்களுக்கு நடுவே எதிர்ப்பக்கத்தில் ஒரு புகைப்படக்காரர் தெரிவார். அவர் ஹெர்ப் ஷார்ஃப்மன், லைஃபரைவிட ரொம்ப சீனியர், இருவரும் படம் எடுத்தது ஒரே பத்திரிகைக்கு. அவருக்குத் திறமை குறைவா? இல்லவே இல்லை. லிஸ்டன் எதிர்ப்பக்கம் விழுந்திருந்தால் இன்று நாம் ஷார்ஃப்மன் பெயரைச் சொல்லிக்கொண்டிருப்போம். ஆனால் ஒன்று, லைஃபர் பக்கம் விழுந்தபோது லைஃபரின் ஃபோகஸ் சரியாக இருந்தது, ஃபிளாஷ் எரிந்தது, விரல் தயங்கவில்லை. அதிர்ஷ்டம் இடத்தைக் கொடுத்தது, மிச்சம் அவர் உழைப்பு.

அதே லைஃபர் அடுத்த வருடம் என்ன செய்தார் தெரியுமா? 1966 நவம்பரில் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோடோமில் அலியும் கிளீவ்லண்ட் வில்லியம்ஸும் மோதியபோது ஒரு கேமராவை ரிங்குக்கு நேர் மேலே, விளக்குகள் தொங்கும் உயரத்தில் கட்டிவிட்டு, தான் கீழே ரிங் ஓரத்தில் உட்கார்ந்து ரிமோட்டில் இயக்கினார். வெள்ளைச் சதுரத்தில் வில்லியம்ஸ் மல்லாந்து கிடக்க அலி கைகளைத் தூக்கிக்கொண்டு விலகி நடக்கிறார். எனக்கு அந்த முதல் படத்தைவிட இதுதான் பிடிக்கும். எந்தப் பக்கம் விழுந்தாலும் படம் கிடைக்கிற ஓர் இடத்தை அவரே தேடிக் கண்டுபிடித்துவிட்டார்.

ஆபத்து என்றதும் எல்லாரும் அடிபடுவதை மட்டும் நினைக்கிறார்கள். வேறு ஓர் ஆபத்தும் இருக்கிறது, கைக்கு வந்த படத்தை இழக்கிற ஆபத்து. 2016 ரியோ ஒலிம்பிக்ஸ், 100 மீட்டர் அரையிறுதி, உசைன் போல்ட் ஓடிக்கொண்டே பக்கத்தில் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிற படம். கேமரன் ஸ்பென்சர் அதை 1/40 விநாடி ஷட்டரில், ஓட்டத்தோடு கேமராவையும் நகர்த்தி எடுத்தார். ஓட்டப் பந்தயத்துக்கு நாங்களெல்லாம் 1/1000க்கு மேல் வைப்போம். 1/40 வைத்தால் பெரும்பாலும் மொத்தமும் கலங்கிப் போகும், முகம் மட்டும் தெளிவாக வருவது அபூர்வம். ராய்ட்டர்ஸின் காய் ஃபாஃபென்பாக்கும் அதே ஓட்டத்தில் மெதுவான ஷட்டரில் கிட்டத்தட்ட அதே சிரிப்பைப் பிடித்தார். இருவரும் பத்திரமான படத்தைக் கைவிடத் தயாராக இருந்தவர்கள், இந்தத் துணிச்சல் எனக்கு ரொம்பப் பெரிதாகத் தெரிகிறது.

2024 ஜூலை 29 அன்று, பாரிஸ் ஒலிம்பிக்ஸின் அலைச்சறுக்குப் போட்டியில், தஹிட்டி தீவின் தெஹூப்போவில் வீரர் கேப்ரியல் மெதினா அலைக்கு மேலே காற்றில் விரலை உயர்த்தி நிற்பதுபோல வந்த படம் ஞாபகம் இருக்கும், ஜெரோம் ப்ரூயே எடுத்தது. அவர் அலைக்குப் பக்கவாட்டில் படகில் இருந்தார். அலை முடிந்ததும் வீரர் பின்பக்கமாக எகிறி வெளியே வருவார் என்று அங்கே படம் எடுப்பவர்களுக்குத் தெரியும். எந்த இடத்தில் எகிறுவார் என்பது மட்டும் தெரியாது. அந்தக் கணத்தில் அவர் எடுத்தது நாலு படம், அதில் ஒன்று உலகம் முழுக்கப் போனது.

சரி, உடம்புக்கு வரும் ஆபத்து. 2018 உலகக் கோப்பை அரையிறுதி, மாஸ்கோ, 109வது நிமிடத்தில் மான்ஜுகிச் கோல் அடித்ததும் குரோஷிய அணி ஓடிவந்து கோல்கோட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஏஎஃப்பி செய்தி நிறுவனப் புகைப்படக்காரர் யூரி கோர்டெஸ் மேல் அப்படியே சரிந்தது. அவர் கீழே கிடந்தபடியே எடுத்துக்கொண்டிருந்தார், யாருக்கும் கிடைக்காத நெருக்கத்தில் முகங்கள். எழுந்த பிறகு குரோஷிய வீரர் விடா அவருக்கு முத்தம்கூட கொடுத்தார். இதைப் பார்த்து யாரும் ஆசைப்பட வேண்டாம், அன்று மேலே விழுந்தது சந்தோஷத்தில் இருந்த மனிதர்கள். கார் பந்தயத்தில் வளைவின் வெளிப்பக்கம் நின்றால் மேலே வருவது கார்.

அடிபடுபவர்களில் பலர் தைரியத்தால் அடிபடுவதில்லை, நீள லென்ஸால் அடிபடுகிறார்கள். 400 எம்எம் லென்ஸில் கண்ணை வைத்துவிட்டால் பக்கவாட்டு உலகமே இல்லாமல் போய்விடும், எதிரே வருவது எவ்வளவு கிட்டே வந்துவிட்டது என்ற உணர்வும் போய்விடும். கபடியில் பிடியை உதறிக்கொண்டு கோட்டுக்கு வெளியே வந்து விழுகிற ரைடர் உங்கள் ஃபிரேமில் பெரிதாகிக்கொண்டே வருவார், அழகாக இருக்கிறதே என்று அழுத்திக்கொண்டே இருப்பீர்கள், அடுத்த நொடி மடியில் இருப்பார். அதனால் இன்னொரு கண்ணைத் திறந்தே வைத்துப் பழகுங்கள். ஆரம்பத்தில் தலை வலிக்கும், பழகிவிடும்.

இப்போது உங்கள் ஜல்லிக்கட்டு. போகலாம், கண்டிப்பாகப் போங்கள். வாடிவாசலுக்கு எதிரே தரைமட்டத்தில் இருந்து எடுத்தால் காளையின் கண்ணும் திமிலும் பிடிக்கிறவரின் முகமும் ஒரே ஃபிரேமில் வரும், மேலே கேலரியில் இருந்து அது வராது, இது உண்மைதான். ஆனால் தடுப்புக் கம்பி இடைவெளியில் லென்ஸ் நுழைகிறது என்றால் கொம்பும் நுழையும். பாய்ந்து ஓடிவிடுகிற காளையைவிட நின்று விளையாடுகிற காளைதான் நல்ல படம் தரும், அதுதான் எந்தப் பக்கம் திரும்பும் என்றும் சொல்ல முடியாது. தரைமட்டக் கோணம் வேண்டும் என்றால் விழாக் குழுவிடம் கேட்டு ஒரு சின்ன கேமராவைக் கம்பியில் கட்டிவிட்டு நீங்கள் மேலே இருங்கள், லைஃபர் செய்ததும் அதுதான். களத்தைத் தாண்டி, உரிமையாளர்கள் காளையைப் பிடிக்கக் காத்திருக்கிற இடம் பக்கம் மட்டும் படம் எடுக்கப் போகவே போகாதீர்கள். அங்கே கூட்டம் நெருக்கும், ஒதுங்க இடம் இருக்காது, மிரண்டு வருகிற காளைக்கு முன்னால் மாடுபிடி வீரர்களும் இருக்க மாட்டார்கள்.

முதல் வருடம் கேலரியில் ஓரமாக இடம் பிடியுங்கள், 70-200 லென்ஸ் தாராளமாகப் போதும், ஷட்டரை 1/1000க்குக் கீழே இறக்க வேண்டாம். அப்புறம், தேங்காய் நார்த் தூசி பறந்துகொண்டே இருக்கும், அங்கே வைத்து லென்ஸைக் கழற்றி மாட்டாதீர்கள்.